மணல் அடைகாத்த கரை

மீன் தன் முட்டையைக் கண்ணால் நோக்கியே பொரித்துவிடும். ஆமை கரையில் இட்ட முட்டையைக் கடலுக்குள் இருந்துகொண்டு மனத்தால் நினைத்தே பொரிக்கும். பறவையோ சிறகால் அணைத்துப் பொரிக்கும். குரு சீடனுக்கு அருள் புரியும் மூன்று வகைகளை விளக்குவதற்காக நம் பெரியோர்கள் சொல்லி வந்த உவமை இது. சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் ஏழாம் வகுப்பில் இதை வெகு உற்சாகத்துடன் விவரித்துக்கொண்டிருந்தோம். கடைசி பெஞ்சியிலிருந்து திருவொற்றியூர்ச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"சார், ஆமை நினைக்க மறந்து போய்விட்டால் முட்டை என்ன ஆகும்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது, கேள்வி அடங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், நம் பள்ளியின் சித்திர ஆசிரியரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வடசென்னைக் கடற்கரையைப் பார்க்கப் புறப்பட்டோம்.

மின்சார ரயிலில் ராயபுரத்தில் இறங்கினோம். சாதாரண ஸ்டேஷன் என்று நினைத்துவிடவேண்டாம். 1856ஆம் வருஷம் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வண்டி வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட இடம் இதுதான். அந்தப் பெருமையைப் பற்றி நண்பரிடம் ஒரு சிறு பிரசங்கம் செய்ய ஆரம்பித்தோம். அவரோ காசிமேட்டுப் பக்கம் வீசிய மீன் வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு வேகமாய் நடந்தார். ஆகவே பிரசங்கம் பாதியில் நின்றது.

மீனவர் வீடுகள் நெருங்கிய ஒரு சந்தில், திண்ணை ஓரத்தில் மூங்கிற்கூடை ஒன்று இருந்தது. அதில் தவிட்டைப் பரப்பி, அதன்மேல் முட்டைகளை வைத்து, ஒரு கோழி அடையில் உட்கார்ந்திருந்தது. நாம் குனிந்ததும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது.

"எத்தனை முட்டை வைத்திருக்கிறாய், ஆயா?" என்று கேட்டோம்.

"பதினொண்ணு, வாத்தியாரே. ஒத்தப்படையாத்தான் வைக்கணும். அடியில இரும்புத் துண்டும் கரியும் போட்டிருக்கேன். இடி இடிச்சா முட்டை கூமுட்டையா பூடும் பாரு!"

"குஞ்சுகளில் எது சேவல், எது பெட்டை என்று சொல்ல முடியுமா?"

"கூரா இருந்தா சேவல், உருண்டையா இருந்தா பெட்டை. எங்கம்மா சொன்னது."

இரும்புத் துண்டுக்கும் இடிக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி நாம் வாதாடவில்லை. ஆனால் அந்தக் கோழி செய்துகொண்டிருந்த காரியம் எந்த யந்திரத்துக்கும் இளைத்ததல்ல. அடையில் அமரும் காலத்தில் அதன் மார்புப் பக்கத்து இறகுகள் உதிர்ந்து, சூடான தோல் நேரே முட்டைமேல் படும்படி ஆகிவிடுகிறது. ஏறக்குறைய முப்பத்தேழரை டிகிரி உஷ்ணம், போதிய ஈரம், நல்ல காற்று இம்மூன்றும் இருபத்தொரு நாள் தவறாமல் கிடைத்தால் குஞ்சு வெளிவரும். இடையிடையே கோழி தன் அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் உள்ளிருக்கும் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு கெட்டுப்போகும். குஞ்சுப் பண்ணைகளில் வைத்திருக்கும் மின்சாரப் பெட்டிகளும் இதைத்தான் செய்கின்றன. ஆயாவின் சேவல், பெட்டைக் கணக்கு மட்டும் சரியல்ல. கோழியின் முட்டையில் அது ஆணா, பெண்ணா என்பது தாய் கொடுத்த வித்திலேயே முடிவாகிவிடுகிறது. முட்டையின் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடையின் சூடும் அதை மாற்றுவதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஒரு ஆட்டோவில் பிரயாணம் செய்தோம். வலது கைப்பக்கம் சமுத்திரம். ஆனால் மணல் எங்கே? கண்ணுக்கெட்டிய மட்டும் கருங்கற் பாறைகளை மலைபோல் குவித்து வைத்திருக்கிறார்கள். அங்கங்கே தூண்டில் வளைவுகள் கடலுக்குள் கையை நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் இடுக்கில் மட்டும் கைக்குட்டை அளவு மணல் சேர்ந்திருக்கிறது.

இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்களை 1876ஆம் வருஷம் கட்டத் தொடங்கினார்கள். 1881ஆம் வருஷத்துப் புயல் அவற்றை உடைத்தெறிந்தது. மறுபடியும் கட்டினார்கள். இந்தக் கரையோரமாக வருஷந்தோறும் அலைகள் ஏராளமான மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. சுவர் அந்த மணலை வழிமறித்தது. தெற்கே தங்கிய மணல் மெரினாவை உலகப் பிரசித்தி பெற்ற அகன்ற கடற்கரையாக்கிவிட்டது. வடக்கே போகவேண்டிய மணல் போகாததால், ராயபுரம் முதல் எண்ணூர் வரையில் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டு காற்று வாங்கும் நாம், வடசென்னையின் மணல்மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை நினைத்துப் பார்ப்பதேயில்லை.

திருவொற்றியூரில் தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் தரிசித்துவிட்டு, கடலோரத்தில் பட்டினத்தார் சமாதிக்குப் போனோம். எதிரே பாறைச் சுவரின்மேல் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதியவர் நமக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"பெரியவரே, இங்கே ஆமை வருவதுண்டா?" என்றோம்.

"பங்குனி ஆமையா? நான் சின்னப் பையனா இருக்கச்சே ராத்திரியில வரும், சார். அதோ, அந்த அலை உடையுது பாருங்க, அங்கதான் எங்க வீடு இருந்திச்சு. வீட்டுக்கு முன்னால மணல்ல ஏறி முட்டை வுடும். இப்போ கல்லு மேல எப்படி ஏறும்? வந்து வந்து முட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் பூடும்."

வீட்டைப் பற்றிச் சொன்னபோது அவர் குரலில் மாற்றம் இல்லை. ஆமையைப் பற்றிச் சொல்லும்போதுதான் வலை பின்னிய கை சற்றே நின்றது.

தை முதல் பங்குனி வரையில் இந்தக் கரைகளில் முட்டையிட வரும் இந்தச் சிற்றாமை, அலை எட்டாத உயரத்தில் ஏறி, பின்னங்கால்களால் ஒரு முழ ஆழத்துக்குக் குடம்போல் குழி பறிக்கிறது. நூறு, நூற்றிருபது முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. அதன்பின் திரும்பிப் பார்ப்பதில்லை. அடைகாப்பது மணல், சூடு கொடுப்பது சூரியன். சுமார் நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. அலை புகுந்து குழி நனைந்துவிட்டால் கரு மூச்சுத் திணறி மடியும். மணல் அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் மடியும். கோழி முட்டைக்கு நேர்மாறாக, இட்டுச் சில மணி நேரம் ஆனபின் ஆமை முட்டையைப் புரட்டவே கூடாது. கரு மேற்புறச் சவ்வில் பற்றிக்கொண்டு வளர்வதால், புரட்டினால் அது அறுந்துபோகும். ஒன்றுக்கு அமுதமாயிருப்பது மற்றொன்றுக்கு விஷமாயிருக்கிறது!

இதைவிட ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. ஆமைக் குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை முட்டை நிர்ணயிப்பதில்லை. மணலின் உஷ்ணம் நிர்ணயிக்கிறது. வளர்ச்சியின் நடுப்பகுதியில் சுமார் இருபத்தொன்பது, முப்பது டிகிரி இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்குக் குறைந்தால் ஆண் அதிகம். கூடினால் பெண் அதிகம். இன்னும் நாலைந்து டிகிரி ஏறிவிட்டால் குஞ்சே பிறவாது. ஊர்வனவற்றின் இந்த விந்தையை 1966ஆம் வருஷம் ஆப்பிரிக்காவின் செனெகல் நாட்டில் ஓணான் முட்டைகளை ஆராய்ந்த மேடலின் ஷார்னியே என்ற பெண்மணி முதலில் வெளியிட்டார். நம் ஊரும் இதில் பின்தங்கிவிடவில்லை. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1976இல் ஏற்பட்ட முதலைப் பண்ணையில், ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ராமுலஸ் விட்டேகர் ஆகியோர் நம் நாட்டுச் சதுப்பு முதலையின் முட்டைகளைச் சோதித்து 1989இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முப்பத்தொரு டிகிரி வரையில் எல்லாம் பெண்கள். முப்பத்திரண்டரையை ஒட்டி ஆண்கள். ஆமைக்கு ஒரு நியாயம், முதலைக்கு ஒரு நியாயம்.

நண்பர் சித்திரம் வரைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "பூமியின் உஷ்ணம் ஏறிக்கொண்டே போகிறது என்கிறார்களே, அப்படியானால் ஆண் ஆமைகள் எங்கே போவது?" அந்தப் பயம் வீணல்ல. ஆஸ்திரேலியாவின் பவளத் திட்டுகளில், வெப்பம் மிகுந்த வடபகுதிக் கரைகளில் பிறந்த பச்சை ஆமைகளின் இளந்தலைமுறையில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பெண்களே என்று 2018இல் கண்டறிந்தார்கள்.

வெயில் தாழ்ந்தபோது எண்ணூர் போய்ச் சேர்ந்தோம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் அது. ஒருபுறம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், மறுபுறம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், நடுவே இறால் தடவும் மீனவர்கள். 2017 ஜனவரியில் இத்துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து இந்தக் கழிமுகத்தையே மூடியது. கூழைக்கடாக்கள் கறுத்த இறகுகளுடன் தள்ளாடிய படங்களை வாசகர்கள் பார்த்திருக்கலாம். முட்டையோடு கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துவாரங்களால் சுவாசிக்கிறது. தாய்ப் பறவையின் இறகிலிருந்து சில துளி எண்ணெய் அதன்மேல் படிந்தாலும் போதும். அணைத்துக் காக்கும் சிறகே குஞ்சுக்கு எமனாகிவிடும்.

இருட்டியது. துறைமுகத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரிந்தன. பார்க்க அழகாய்த்தான் இருந்தது. ஆனால் குழியிலிருந்து இரவில் வெளிப்படும் ஆமைக் குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைத்தான் கடல் என்று நம்பி ஓடும். நட்சத்திரம் மின்னும் கடலைவிட நம் விளக்கு பிரகாசமாயிருந்தால், அவை சாலையை நோக்கி வந்து சாகும்.

எல்லாம் துக்ககரமான கதை என்று எண்ணிவிடவேண்டாம். நகரத்தின் தென்கரையில் 1988 முதல் மாணவர்கள் ஒரு சங்கமாகக் கூடி, பருவத்து இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளைத் தேடுகிறார்கள். முட்டைகளைப் புரட்டாமல் ஜாக்கிரதையாய் எடுத்துவந்து, தாய் தோண்டிய அதே அளவுக் குழியில் வைக்கிறார்கள். மணல் சுட்டால் மேலே நிழற்பந்தல் போடுவதும் உண்டு. வனத்துறையின் பொரிப்பகங்களும் கரையோரம் இருக்கின்றன. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு வரை மணல் மிஞ்சியுள்ள இடங்களில் பங்குனி ஆமை இன்றும் வருகிறது. ஆனால் கரைக்கு வந்து சேரவேண்டுமே! 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கிய ஆமை, மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கிப்போகிறது.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தச் சிறுமியை எழுந்திருக்கச் சொன்னோம்.

"அம்மா, ஆமை நினைத்தாலும் மறந்தாலும் முட்டைக்கு ஒன்றுமில்லை. அடைகாப்பது மணல். மணல் இருக்கவேண்டும், அது குளிர்ச்சியாயும் இருட்டாயும் இருக்கவேண்டும். அவ்வளவுதான்."

அவள் சற்று யோசித்துவிட்டு, "எங்க வீட்டண்டை மணல் இல்லையே, சார்" என்றாள்.

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை இரவு, பெற்றோர் அனுமதியோடு பன்னிரண்டு குழந்தைகளைப் பெசன்ட் நகருக்கு அழைத்துக்கொண்டு போவதாகத் தீர்மானித்திருக்கிறோம். ஆமை நினைத்தால் குஞ்சு பொரிக்கும் என்று சொன்ன பெரியோர்களை நாம் குறை கூறவில்லை. நினைக்கவேண்டியது யார் என்பதில்தான் சிறிது மாற்றம் ஏற்பட்டிருக்கிறது.