பெயரற்ற கணக்கு

அரசிறையும் அறமும் ஒருவழிப்பட்டவை என்பது பொருளியல் நூல்களில் நாம் பயிலும் கொள்கை. ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுவேலைக்கு அமர்த்தப்படும் ஆவணமற்ற குடிவரவாளரின் நிலையை நோக்குந்தோறும் அக்கொள்கை பற்றி எனக்கு ஐயம் எழுகின்றது.

1993ஆம் ஆண்டு ஜனவரியில், அந்நாட்டுச் சட்டமா அதிபர் பதவிக்கு ஜனாதிபதி பில் கிளின்ரனால் முன்மொழியப்பட்ட சொயே பெயார்ட் என்னும் சட்டத்தரணி விலக நேர்ந்தது. பெரு நாட்டிலிருந்து வந்த ஆவணமற்ற தம்பதியரைத் தம் வீட்டில் வேலைக்கு அமர்த்தியமையும், அவர்களுக்குரிய சமூகப் பாதுகாப்பு வரியை உரிய காலத்திற் செலுத்தாமையுமே காரணம். அடுத்துக் கருதப்பட்ட நீதிபதி கிம்பா வூட், அவ்வாறு ஒருவரை அமர்த்துவது குற்றமாகாத காலத்தில் அமர்த்தி, வரியையும் செலுத்தியவர். எனினும் அவரும் விலகினார். இறுதியில் ஜனெட் றீனோ பதவியேற்றார். அன்றைய வாதங்கள் யாவும் வேலை கொடுத்தோரின் நேர்மையையே சுற்றின. வேலை செய்தோருக்கு உரியது யாது என்பது பெரிதும் பேசப்படவில்லை.

இவ்விடத்து இரு சட்டங்கள் ஒன்றையொன்று பாராது நிற்கின்றன. ஆவணமற்றவர் என அறிந்தும் ஒருவரை வேலைக்கு அமர்த்துதல் குற்றம் என்கின்றது 1986ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம். வரிச் சட்டமோ வேலையாளின் குடிவரவு நிலையை வினவுவதில்லை. ஊதியம் வழங்கப்பட்டதா என்பதையே வினவுகின்றது. 2025ஆம் ஆண்டில் ஒரு வீட்டுப் பணியாளருக்கு 2,800 டொலரோ அதற்கு மேலோ ரொக்கமாக வழங்கிய குடும்பம், பொதுவாக, ஊதியத்தில் 7.65 வீதத்தைத் தன் பங்காகவும் அதேயளவைப் பணியாளரின் பங்காகவும் செலுத்தக் கடமைப்பட்டது. ஆண்டுக்கு 20,000 டொலர் பெறும் ஒருவரின் பொருட்டு இவ்வகையிற் செல்லும் தொகை 3,060 டொலர். அதிற் பாதி அவரது உழைப்பூதியத்திலிருந்தே கழிக்கப்படத்தக்கது.

இத்தொகை முதுமைக்கால ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் உரியது. ஆயின், வேலை செய்யும் உரிமையும் சமூகப் பாதுகாப்பு இலக்கமும் இல்லாதவர் அந்த ஓய்வூதியத்தைப் பெறவியலாது. உரிய பெயரோடும் இலக்கத்தோடும் பொருந்தாத ஊதியப் பதிவுகள் தனியானதொரு கோவையில் நிறுத்திவைக்கப்படுகின்றன. பணம் சேர்கின்றது, பெயர் சேர்வதில்லை.

வீட்டுப் பணியாளரைப் புறத்தே நிறுத்துதல் அந்நாட்டிற்குப் புதியதன்று. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வேலையாளரையும் விவசாயத் தொழிலாளரையும் முற்றாக விலக்கியது. 1950ஆம் ஆண்டுத் திருத்தமே ஒழுங்காக வேலை செய்த வீட்டுப் பணியாளரை உள்ளே கொணர்ந்தது. பெயார்ட் விவகாரத்தின் பின், 1994இல், வரியெல்லை காலாண்டுக்கு 50 டொலரிலிருந்து ஆண்டுக்கு 1,000 டொலராக உயர்த்தப்பட்டது. வீட்டுக்காரர் தமது ஆண்டு வருமானவரிப் படிவத்துடனேயே கணக்கைச் சமர்ப்பிக்கவும் வழி செய்யப்பட்டது. சீர்திருத்தம் வேலை கொடுப்போரின் சுமையைக் குறைத்தது. ஆவணமற்றவரின் நிலையை அது தொடவில்லை.

அவ்வாறாயின், பணியாளருக்குக் கிட்டாத பயனுக்காக வரி செலுத்துதல் வீண் அன்றோ எனச் சிலர் வினவுவர். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆயினும் அதன் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. வரி செலுத்தாது கையிற் பணம் கொடுத்தனுப்பும் குடும்பம் மீதப்படுத்துவது தன் பங்கை. அழிப்பது பணியாளரின் சான்றை. பிற்காலத்தில் அவர் தொழில் உரிமையும் இலக்கமும் பெறுவாராயின், தக்க ஆதாரங்களுடன் பழைய ஊதியத்தைத் தம் கணக்கிற் சேர்க்கக் கோரலாம். பதிவே இல்லாத உழைப்பை எதைக் கொண்டு நிறுவுவது?

ஆதலால் வரி செலுத்துதல் வீட்டுக்காரரின் கடமை என்பேன். ஆனால் கடமை அவ்வீட்டு வாயிலோடு முடிவதன்று. ஒருவருடைய உழைப்பிலிருந்து பங்கு பெறும் அரசு, அவரது முதுமையையும் தன் பொறுப்பாக ஏற்றல் வேண்டும். பெறும்போது பாராத குடிவரவு நிலையைக் கொடுக்கும்போது மட்டும் பார்ப்பது நீதியாகாது.