ஏரிக்கரைப் பெண்கள்

ஆப்பிரிக்காவின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கண்டத்தின் கிழக்கே, நிலநடுக்கோடு ஊடறுத்துச் செல்லும் இடத்தில் ஒரு மாபெரும் நன்னீர்ப் பரப்பு தென்படும். அதுவே விக்டோரியா ஏரி. உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகள் அதன் கரைகளைப் பங்கிட்டுக் கொண்டுள்ளன. வெள்ளை நைல் இங்கிருந்துதான் வடக்கு நோக்கிப் புறப்படுகிறது.

மேற்குக் கரையில், தான்சானிய எல்லைக்கு அண்மையில், கசென்செரோ என்றொரு மீனவக் கிராமம் உண்டு. அப்போது உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூரில், 1982-ஆம் ஆண்டளவில் மக்கள் உடல் மெலிந்து மடியத் தொடங்கினர். நோய்க்கு அவர்கள் இட்ட பெயர் ‘சிலிம்’, அதாவது மெலிவு. எல்லை தாண்டி வணிகம் செய்தோர் முதலில் மாண்டதால், ஏமாற்றப்பட்ட வணிகர்கள் வைத்த சூனியமே இது என்று பலர் நம்பினர். உண்மையில் அது எய்ட்ஸ்.

ஆட்கொல்லி நோய் என்றதும் ஒழுக்கக்கேட்டின் விளைவு என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது. ஆயினும் வாசகர்களே, அந்த ஏரிக்கரைக் குடிசைகளுக்குள் சற்று எட்டிப் பாருங்கள். கணவனையன்றி வேறு ஆடவனை அறியாத பெண்கள் பலர் அங்கே இக்கிருமிக்கு ஆளாகியுள்ளனர். தம் நடத்தையால் வந்த நோயன்று அது. வாரக்கணக்கில் பிற துறைகளில் தங்கி மீன்பிடித்துத் திரும்பிய கணவன், தான் அறியாமலேயே கொண்டு வந்தது. உடலமைப்பின் காரணமாகவும் ஆணிடமிருந்து பெண்ணுக்கு இக்கிருமி எளிதில் தொற்றுகிறது.

கென்யக் கரையில் வறுமை மற்றொரு வாசலைத் திறந்து வைத்தது. அங்கே படகும் வலையும் பெரும்பாலும் ஆண்களின் உடைமை. நெத்திலி போன்ற ‘ஒமேனா’ மீனை வாங்கி, உலர்த்தி, சந்தையில் விற்பவர்கள் பெண்கள். மீன்வளம் குன்றியபோது, மீன் தருவதற்குக் காசு மட்டும் போதாது என்று படகுக்காரர்கள் சிலர் கூறலாயினர். ‘ஜபோயா’ எனப்படும் இவ்வழக்கத்துக்கு விதவைகளும் ஏழைத் தாய்மார்களும் இரையாயினர். பிள்ளைகளின் பசிக்கும் தன் மானத்துக்கும் இடையே நிற்கும் ஒரு தாயை நாம் எப்படிப் பழிப்பது?

அதே கரையில் வாழும் லுவோ இனத்தாரிடம், கணவனை இழந்தவளை அவன் உறவினன் ஒருவன் ஏற்கும் மரபு உண்டு. ஆதரவற்றவளுக்கு நிழல் தரவே அது தோன்றியது. கணவன் எதனால் இறந்தான் என்று எவரும் கேளாத காலத்தில், அந்த நிழலே நோயைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டு சென்றது.

நம் செவிக்கு இனிய செய்தியொன்றும் ராக்காயிலிருந்து வந்ததுண்டு. ஏறத்தாழ 5,000 ஆண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2007-இல் வெளியாயிற்று. கத்னா செய்துகொண்ட ஆண்களுக்குக் கிருமி தொற்றும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைவதை அது காட்டிற்று. மகிழ்வோர் அடுத்ததையும் கேட்க வேண்டும். கிருமி ஏற்கெனவே தொற்றிய ஆண் கத்னா செய்துகொள்வதால் அவன் மனைவிக்குப் பாதுகாப்புக் கிட்டவில்லை என்பது, அதே ராக்காயில் நடந்து 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு. ஆணுக்குக் கிடைத்த கேடயத்தைப் பெண்ணுக்கும் உரியதென எண்ணி அமைதி கொள்ளலாகாது.

அப்படியாயின் அவளைக் காப்பது எது? முதலாவது, அறிவு. உகாண்டாவின் இஸ்லாமிய மருத்துவர் சங்கம் 1980-களின் இறுதியிலிருந்தே இமாம்களை இப்பணிக்கு அழைத்தது. இமாம்கள் பயிற்சி பெற்று, ஜும்ஆ மேடையிலேயே நோயைப் பற்றிப் பேசினர். ஆண் தொண்டர்களும் பெண் தொண்டர்களும் வீடு வீடாகச் சென்று விளக்கினர். வெட்கத்தின் பெயரால் வாய்மூடியிருந்தால் எத்தனை வீடுகள் இருளில் கிடந்திருக்கும்!

இரண்டாவது, கையில் ஒரு பிழைப்பு. கென்யாவின் ந்டுரு போன்ற ஏரித்துறைகளில், 2011-ஆம் ஆண்டையொட்டிப் பெண்கள் சிலர் தமக்கெனப் படகுகள் பெற்று, ஆண்களைக் கூலிக்கு அமர்த்தினர். மீனுக்காக எவனிடமும் தலைகுனியும் நிலை அவர்களுக்கு மாறியது. 2020-இல் ஏரி பெருகி அவ்வூரை மூழ்கடித்தபோது அந்த உழைப்பின் பெரும்பகுதி சிதைந்தது என்பது துயரம்.

மூன்றாவது, பரிசோதனையும் மருந்தும். நாள் தவறாமல் மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து நின்றால், தாம்பத்திய உறவின் வழியே அது பிறருக்குத் தொற்றுவதில்லை. சிகிச்சையே இல்லாவிடில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 15 முதல் 45 வரை. உரிய சிகிச்சையால் அதை 5-க்கும் கீழே குறைக்கலாம். ஆனால் மருந்துண்ண வேண்டுமாயின் நோய் இருப்பது தெரிய வேண்டும். தெரிந்தால் வீட்டைவிட்டு விரட்டுவார்களோ என்று அஞ்சும் பெண் பரிசோதனைக் கூடத்தின் படியேற மாட்டாள்.

மருந்து வந்த பின்னரும் துயரம் ஓயவில்லை. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 2022-ஆம் ஆண்டு புதிதாகத் தொற்றுக்கு ஆளானோரில் 100-க்கு 63 பேர் பெண்களும் சிறுமியருமே என்று ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு கணக்கிட்டுள்ளது.

சகோதரர்களே, மனைவிக்கு உணவும் உடையும் தருவதோடு கடமை முடிவதில்லை. தன் உடல்நிலையை மறைக்காமல் அவளிடம் சொல்வதும் கடமையே. சகோதரிகளே, கேட்பது மரியாதைக்குறைவு அன்று. உங்கள் உயிரையும் வயிற்றுச் சிசுவையும் காக்கும் உரிமை அது. நோயுற்ற பெண்ணைக் காணும்போது, ‘இவள் என்ன செய்தாள்?’ என்று கேட்க எழும் நாவை அடக்குவோம். மருந்து கிடைக்கிறதா, பிள்ளைகள் உண்டார்களா என்று விசாரிப்போம்.