பெயர் தெரியாத வாசகர்

எங்கள் இலக்கிய வட்டத்தின் தொடர்புப் பொறுப்புக்குப் புதிதாக இரண்டு இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். முகநூலும் புலனமும் அவர்களுக்குக் கைவந்த கலை. மகிழ்ச்சிதான். வாழ்த்தோடு ஒரு வேலையும் கொடுக்க நினைக்கிறேன்.

1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. கோலா சுங்கை பாரு பக்கத்துத் தோட்டங்களில் ஒரே நாளிதழ் பல கை மாறும். இலக்கியக் கூட்டம், சிறுகதைப் போட்டி எல்லாம் எங்களுக்கு அப்படித்தான் தெரிய வந்தன. அறிவிப்பை அனுப்பியவர்களுக்கு எங்களை யாரென்றே தெரியாது. ஆனாலும் செய்தி எங்களிடம் வந்தது. புலனத்தில் நம்மிடம் எண் இருப்பவருக்குத்தான் போகிறது. அவர் இன்னொருவருக்கு அனுப்பினாலும், பெரும்பாலும் அதே ஆட்களுக்குள்தான் சுற்றுகிறது. கூட்டத்திலும் அதே முகங்கள்.

அதனால தம்பி, தங்கச்சி, போஸ்டர் அழகா இருந்தா மட்டும் பத்தாது. மாசத்துக்கு ஒரு அறிவிப்பையாவது தாளில் அச்சடிச்சு தமிழ்ப்பள்ளியில, கோயில்ல, ஒட்டுக்கடையில கேட்டு ஒட்டிட்டு வாங்க. அதைப் பார்த்துப் பெயர் தெரியாத ஒருத்தர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தால், படம் எடுப்பதை விட்டுவிட்டு முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள்.