டிகிரி காபிக்கு வந்த சோதனை

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் பிறந்தவனிடம் ‘பால் ஆகாது’ என்று சொல்வது, காவிரித் தண்ணி ஆகாது என்று சொல்கிற மாதிரி. பிரசவத்துக்கு வந்திருந்த தங்கையால் எங்கள் வீட்டில் அந்தக் குண்டு விழுந்தது.

மருமகனுக்கு அப்போது இரண்டரை மாசம். தாய்ப்பால் மட்டும்தான். சிரிக்கிறான், எடை ஏறுகிறது. ஆனால் துணியில் சளியோடு நூல் நூலாக ரத்தம்! பக்கத்து வீட்டு மாமி, “உரம் விழுந்திருக்கும்டி” என்றார். நான் பி.காம். பற்று எது, வரவு எது என்று தெரியும். இதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

டாக்டரம்மா வயிற்று ஸ்கேன் எழுதினார். குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டாலும் ரத்தம் போகுமாம். அதுதான் நிஜமான ஆபத்து. விட்டு விட்டு வீறிட்டு அழும், காலை மடக்கும், வாந்தி எடுக்கும். ஸ்கேனில் வட்டத்துக்குள் வட்டமாக, ஓட்டை போட்ட மெதுவடை மாதிரி தெரியும். மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தியே பல குழந்தைகளுக்கு ஆபரேஷன் இல்லாமல் சரிசெய்து விடுகிறார்கள்.

மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஸ்கேன். ஆணா பெண்ணா சொல்ல மாட்டோம் என்று 1994-ம் வருஷச் சட்டப்படி போர்டு. மருமகனோ டாக்டர் சட்டையை நனைத்துத் தானே அறிவித்துவிட்டான்! இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, வெறும் ஒலி அலைதான். 1950-களில் கிளாஸ்கோ டாக்டர் இயான் டொனால்டு, உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை மனித வயிற்றுக்குத் திருப்பினார். நம்ம திருச்சி பெல்லில் பாய்லர் வெல்டிங்கைச் சோதிக்கிறார்களே, அதற்கு இது சித்தப்பா பிள்ளை.

நல்லவேளை, வடை இல்லை. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் சுவர் கொஞ்சம் தடிப்பு. கலர் டாப்ளரில் ரத்த ஓட்டம் அதிகம்.

“பால் அலர்ஜியா இருக்கலாம். ஆனா படத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. நீங்க பால் சாப்பிடறதை நிறுத்துங்க” என்றார் டாக்டரம்மா. அம்மா சாப்பிடும் பசும்பாலின் புரதம் தாய்ப்பாலில் கொஞ்சம் இறங்குகிறதாம்.

பூண்டுப் பால், தயிர், மோர், நெய் எல்லாம் அவுட். ஆட்டுப் பால்? புரதம் ஏறக்குறைய ஒரே ஜாதி, அதுவும் கூடாது. கால்சியம் மாத்திரையும் கேழ்வரகும் வந்தன. சம்பந்தியம்மா விடவில்லை. “பால் குடிக்காம பால் எப்படி ஊறும்?”

தங்கை சொன்னாள்: “மாடு மட்டும் பால் குடிச்சா கறக்குது அத்தை? வைக்கோல்தானே திங்குது!”

ஒன்பதாம் நாள் துணி சுத்தம். சில வாரம் கழித்து, டாக்டரம்மா சொன்னபடி தங்கை தயிர்சாதம் சாப்பிட்டுப் பார்த்தாள். இரண்டாம் நாளே பழைய சிவப்பு நூல். ஸ்கேன் சொல்லாததைத் தயிர்சாதம் சொல்லிவிட்டது.

ஒரு வயசு வாக்கில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது போய்விடுமாம். அப்போது மறுபடி பார்க்கலாம் என்றிருக்கிறார். அம்மா இப்போதே பால்காரரிடம், மாசி மாசத்திலிருந்து அரை லிட்டர் கூடுதலாக வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.