கூடத்துச் சுவரில் ஓரியன்

பிள்ளைகளே, நான் இங்கே போட்ட ஓரியன் நெபுலா படத்தைச் சுவரில் மாட்டச் சொன்னீர்கள். மாட்டியாகிவிட்டது. ஆனால் முதல் தடவை செலவழித்தது தண்டம்.

மூட்டுவலியால் என் மனைவிக்கு மொட்டை மாடி ஏற முடியாது. மார்கழிப் பனியில் குல்லா போட்டுக்கொண்டு நான் எடுத்ததை அவளும் பார்க்கட்டுமே என்று, பளபளப்புத் தாளில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி பிரேமோடு கொண்டுவந்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, "என் முகம்தான் தெரியுது" என்றாள்.

தப்பு என்னுடையதுதான். செல்போன் திரை தானே ஒளி விடும். தாள், தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். திரையில் மங்கலாகத் தெரிந்த வாயு மேகம் தாளில் கறுப்போடு கறுப்பாகிவிட்டது. மிச்சத்தைக் கண்ணாடி கெடுத்தது.

மறுபடி, இருண்ட பகுதிகளை மட்டும் மூன்று விதமாக வெளிச்சமாக்கி, மூன்றையும் 4க்கு 6 அங்குலத்தில் போட்டேன். ஒன்று ஒரு டீ காசுதான். கூடத்து டியூப்லைட்டின் கீழ் வைத்து நடுவில் இருந்ததை அவளே தேர்ந்தெடுத்தாள். ஸ்டூடியோவில் மறக்காமல், "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கறுப்பு வானம் சாம்பலாகிவிடலாம். பிறகு 8க்கு 12 அங்குலத்தில், மேட் தாளில் போட்டு சன்போர்டில் ஒட்டி வாங்கினேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 2400க்கு 3600 போதும். கண்ணாடியே கிடையாது.

இப்போது அவள் நாற்காலிக்கு எதிரே தொங்குகிறது. வருகிறவர்களிடம் "சுமார் 1,300 ஒளியாண்டு தூரம்" என்று அவளே பாடம் எடுக்கிறாள்.