தொண்ணூற்றிரண்டா, தொண்ணூற்றைந்தா?

எங்கள் ஊரில் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் மதிலோரம் நாலு பேர் கூடினால் பேச்சு அரசியலில் தொடங்கும். அது வாகனத்துக்கு இறங்கி, பெற்றோலில் வந்து நிற்கும். மார்க்க விடயத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே மத்ஹபுக்காரர்கள். பெற்றோல் விடயத்தில் மத்ஹபுகள் பல. 92 போதும் என்பது ஒரு கூட்டம். 95 அடித்தால் 'வண்டி பறக்கும்' என்பது இன்னொரு கூட்டம். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து அடிக்கும் நடுநிலையாளர்களும் உண்டு. சிபெட்கோவைத் தவிர வேறெதையும் தொடாதவர்கள், ஐ.ஓ.சி. என்றால் சத்தியம் செய்பவர்கள், 2023இல் சினோபெக் வந்த பிறகு அதற்கு மாறியவர்கள் என்று கிளைகளும் உண்டு. இந்தியாவைப் பிடிக்காதவர் ஐ.ஓ.சி.க்குப் போவதில்லை. சீனாவைப் பிடிக்காதவர் சினோபெக்குக்குப் போவதில்லை.

நான் முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவன். அதனால் இந்த வாதங்களில் மத்தியஸ்தம் செய்ய என்னை இழுப்பார்கள். சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பது வேறு விடயம். சொன்னதை எழுதியாவது வைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒக்டேன் எண் என்பது பெற்றோலின் பலத்தைக் காட்டும் எண் அல்ல. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது பெற்றோலின் பொறுமையைக் காட்டும் எண். எஞ்சினுக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் நெருக்கப்படுகின்றன. நெருக்க நெருக்கச் சூடேறும். தீப்பொறி வந்து சுவாலை ஒழுங்காகப் பரவும்வரை எரிபொருள் பொறுத்திருக்க வேண்டும். பொறுமையிழந்து தானாக வெடித்தால் 'டக் டக்' என்று எஞ்சின் தட்டும். ஐசோஒக்டேனுக்கு 100 என்றும், எளிதில் தானாக வெடிக்கும் சாதாரண ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்திருக்கிறார்கள். 95 பங்கு ஐசோஒக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு பொறுக்குமோ, 95 பெற்றோலும் அவ்வளவு பொறுக்கும். விடயம் இவ்வளவுதான். கூடுதலாக நெருக்கும் எஞ்சினுக்குக் கூடுதல் பொறுமையுள்ள எரிபொருள் வேண்டும். குறைவாக நெருக்கும் எஞ்சினுக்கு அதைக் கொடுப்பதில் நட்டமில்லை, இலாபமும் இல்லை.

என்னுடையது ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கு வந்த 660 சீசீ சின்னக் கார். ஜப்பானின் நியமப்படி அங்குள்ள சாதாரண பெற்றோலுக்கு ஆகக்குறைந்த ஒக்டேன் 89. அந்தப் பெற்றோலைக் குடிக்கவென்று செய்யப்பட்ட வண்டிக்கு நமது 92 தாராளம். ஐரோப்பியக் கார்களிலும் டர்போ பூட்டிய சில வண்டிகளிலும் பெற்றோல் மூடியின் உட்புறத்தில் 95 என்று எழுதியிருக்கும். அவர்கள் 95 அடிக்கத்தான் வேண்டும். கராஜ்காரத் தம்பி ஒருவர் இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்வார்: "வண்டி கேக்குறதக் குடுங்க சேர். நம்மட பெருமைக்கு ஊத்தப்படாது." பெருமைக்கு விலையும் உண்டு. 2022 மே மாதம் 92 லீற்றர் 420 ரூபா, 95 லீற்றர் 450 ரூபா. அடுத்த மாதமே 470, 550 ஆயிற்று. முப்பது ரூபாவாக இருந்த வித்தியாசம் ஒரே மாதத்தில் எண்பது.

பொறுமை குறைந்த எரிபொருளில் ஓடிய காலமும் நம் நாட்டில் இருந்தது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. அங்கே மொரிஸ் மைனரையும் ஒஸ்டின் கேம்பிரிஜையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குக் கொடுத்து எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்கள் மெதுவாக நெருக்குபவை; அதனால் தாங்கின. இன்றைய எஞ்சின்கள் தாங்கா. அன்று மண்ணெண்ணெய் ஊற்றியவர்கள் வழியில்லாமல் ஊற்றினார்கள், தெரிந்து ஊற்றினார்கள், தங்கள் வண்டிக்கே ஊற்றினார்கள். பிறர் வண்டிக்குத் தெரியாமல் ஊற்றுவதுதான் கலப்படம்.

அடுத்தது சின்னம். ஒரு காலத்தில் இங்கே ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் என்று வெளிநாட்டுக் கம்பனிகளே விற்றன. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் பின்னால் நின்ற அமைச்சர் டி.பி. இலங்கரத்ன. 'அம்ப யஹளுவோ' எழுதிய அதே இலங்கரத்னதான். இரண்டு சிறுவர்களின் நட்பை எழுதியவர் உலகின் பெரிய எண்ணெய்க் கம்பனிகளோடு மோதினார். 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்துமளவுக்கு அது போனது. நாற்பது வருடம் கழித்து, 2003இல், லங்கா ஐ.ஓ.சி. வந்தது. 2023இல் சினோபெக். 2025இல் ஷெல்லின் மஞ்சள் சிப்பி மீண்டும் வீதியோரத்தில் தோன்றியது.

சின்னத்துக்குப் பின்னால் உள்ள எண்ணெய்க்கு இந்தப் பகையெல்லாம் தெரியாது. 1969இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானின் மசகு எண்ணெய்க்கென்று அமைக்கப்பட்டது. அந்த எண்ணெய்க்கு வைத்த கடனைத் தேயிலையாகத் தீர்க்க 2021இல் உடன்பாடு எழுதினோம். 2022இல் இந்தியா தந்த 50 கோடி டொலர் கடனில் எரிபொருள் வாங்கினோம். இந்தியாவோடு கோபித்துக்கொண்டு அரசாங்க ஷெட்டுக்குப் போனவரின் தாங்கிக்குள்ளும் அந்தக் கடன் போயிருக்கும். எஞ்சினைத் துப்புரவாக வைக்கும் சேர்மானங்களைச் சில கம்பனிகள் கலப்பது உண்மைதான்; அதில் பயனும் உண்டு. ஆனால் நமக்குக் கிடைப்பது கம்பனி அனுப்பியதா என்பதை முடிவு செய்பவர் கடைசியில் ஷெட்டை நடத்துபவர்தான். ஆகவே எந்தக் கம்பனி என்பதைவிட எந்த ஷெட் என்பதே பெரிய கேள்வி.

அந்தக் கேள்விக்குள் எங்கள் பகுதியில் வேறொன்றும் புகுந்துவிட்டது.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த ஒரு கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னார்: அது மாவுக்கட்டி. அதற்குள் எரிய வேண்டியது எரிந்து முடிந்திருந்தது. அடுத்த வருடம், 2019 ஏப்ரல் குண்டுகளுக்குப் பிறகு, முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்ற பிரசாரம் நாடெங்கும் நடந்தது. அந்தக் காயத்தோடு நம்மவர்களும் பேசத் தொடங்கினார்கள். "அவங்கட ஷெட்டுல ஏன் அடிக்கிற? நம்மட வண்டியெண்டா மண்ணெண்ண கலந்துதான் அடிப்பானுகள்." சொன்னவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருந்தார்கள். மாவுக்கட்டியை மாத்திரையாக்கிய அதே புத்தி இடம் மாறி நம் வாய்க்குள் வந்திருந்ததை அவர்கள் உணரவில்லை.

எனக்குத் தெரிந்த மறுமொழி பரிசோதனைதான். 2022 ஓகஸ்ட்டில் அதைச் செய்தேன். அப்போது பெற்றோல் 450 ரூபா. மண்ணெண்ணெய் 87 ரூபா. கலப்படக்காரனுக்கு அதைவிட நல்ல காலம் வராது. கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர். ஒரு வாரம் அயல் நகரத்துச் சிங்கள முதலாளியின் ஷெட்டில் அடித்தேன். மறுவாரம் நம்மவர் ஒருவரின் ஷெட்டில். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டேன். வெள்ளை வடிதாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது பழைய முறை. சுத்தமான பெற்றோல் ஓரிரு நிமிடத்தில் பறந்துபோய்த் தாள் வெறுமையாகிவிடும். மண்ணெண்ணெய் இலேசில் பறக்காது. எண்ணெய்க் கறை நிற்கும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் இதில் பிடிபடாது. வடிதாள் நீதிமன்றச் சாட்சியும் அல்ல. அதனால் மூன்று தடவை செய்தேன். அயல் நகரத்துப் பெற்றோல் மூன்று தடவையும் தாளில் தடயமில்லாமல் போனது. நம்மவரின் பெற்றோல் மூன்று தடவையும் கறை வைத்தது.

இரண்டு தாள்களையும் மதிலோரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு காக்கா மெதுவாகச் சொன்னார்: "சேர், இது வெளிய போனா நம்மட ஆளுக்குத்தானே வெட்கம்." நான் கேட்டேன்: "ஏமாந்தவங்களும் நம்மட ஆக்கள்தானே காக்கா?" அந்த ஷெட்டில் வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் எங்கள் ஊர் ஓட்டோக்காரர்கள். வாரத்துக்குக் கிடைத்த 5 லீற்றரில் குடும்பத்தை ஓட்டியவர்கள்.

அளவையில் மோசம் செய்வோரைப் பற்றி அல்குர்ஆனில் ஒரு சூறாவே இருக்கிறது. அதன் பெயரே அல்முதஃப்ஃபிஃபீன். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, நபியவர்கள் வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை மௌலவிமார் எத்தனையோ ஜும்ஆவில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த வியாபாரி வேற்றூர்க்காரனா, நம்மவனா என்று அங்கே விசாரணை நடக்கவில்லை. குவியலுக்குள் கை போனது. ஈரம் வெளியே வந்தது. நம் வணக்கத்துக்கு அத்தாட்சி பள்ளியில் இருக்கலாம். நம் வியாபாரத்துக்கு அத்தாட்சி பம்பின் வாயில்தான் இருக்கிறது. நம் கடைகளைப் பகிஷ்கரிக்காதீர்கள் என்று பிறரைக் கேட்கும் உரிமை, நம் கடையின் அளவும் தரமும் சரியாக இருக்கும்போதுதான் முழுமையாகிறது.

மறுநாள் நானும் இன்னும் இருவரும் அந்த முதலாளியிடம் போனோம். தாள்களைப் பார்த்தார். பவுசரில் வந்ததே அப்படித்தான் என்றார். இருக்கலாம், என்னால் மறுக்க முடியாது. அடுத்த பவுசர் வரும்போது எங்கள் முன்னால் மாதிரி எடுத்துப் பார்ப்போம் என்றோம். அவர் அதை விரும்பவில்லை. நாங்கள் எழுந்து வந்தோம்.

மண்ணெண்ணெய் அந்த மாதமே 340 ரூபாவாயிற்று. கலப்பதில் இருந்த இலாபம் பெரும்பகுதி போயிற்று. அதோடு எங்கள் கடற்கரைத் தோணிக்காரர்களின் பிழைப்பும் ஒடிந்தது. திருடனைத் தடுத்த விலையை ஏழைதான் கட்டினான்.

யாராவது இப்போது என்னிடம் எதை அடிப்பது என்று கேட்டால் சொல்வதற்கு மூன்றே விடயங்கள். வண்டியின் கைநூல் கேட்கும் ஒக்டேனை அடியுங்கள். அதற்கு மேல் கொடுப்பது வீண்விரயம். பம்பின் எண் பூச்சியத்தில் தொடங்குகிறதா என்று இறங்கி நின்று பாருங்கள். ஷெட் முதலாளியின் பெயரைப் பார்க்காதீர்கள், வடிதாளைப் பாருங்கள். மேசை லாச்சியில் நான் ஒரு பைக்கற் வடிதாள் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு இரண்டு தாள் இலவசம்.