போகிறவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்



நம் நாடக மன்றத்தில் நன்றாக நடிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியூர் போய்விட்டார்கள், இனி யாரை வைத்து மேடை ஏறுவது என்று கவலைப்படுகிறீர்கள். பிழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போகத்தான் வேண்டும். போனவர்களைக் குறை சொல்லிக்கொண்டே உருப்பட்ட மன்றம் எதையும் நான் பார்த்ததில்லை. போனவர்களோடு எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இருக்கும் மெலட்டூரைப் பாருங்கள். வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய நாட்டிய நாடகங்களை அந்த ஊரார் பாகவத மேளாவாக இன்றும் ஆடுகிறார்கள். பெண் வேடமும் ஆண்களே கட்டுவது வழக்கம். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பிரகலாத சரித்திரம் இரவு தொடங்கினால் முடிய விடியற்காலை ஆகிவிடும். அதில் ஆடுகிறவர்களில் பலருக்கு இப்போது குடித்தனம் மெலட்டூரில் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் உத்தியோகம். ஜயந்தி நெருங்கினால் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து வேடம் கட்டுகிறார்கள்.

அவர்களை இழுத்து வருவது எது? ஊர்ப்பாசமும் பக்தியும் உண்டுதான். ஆனால் பாசம் எல்லா ஊர்க்காரருக்கும் இருக்கிறது. ஊத்துக்காடு, நல்லூர், சூலமங்கலம் ஆகிய ஊர்களிலும் ஒரு காலத்தில் பாகவத மேளா நடந்தது. அங்கே அது நின்றுபோயிற்று. மெலட்டூர்க்காரருக்கோ மாறாத ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளில் அவர் மட்டுமே செய்ய வேண்டிய ஒரு வேலையும் இருக்கிறது. தான் போகாவிட்டால் பிரகலாதனின் தாய் லீலாவதிக்கு ஆள் இல்லை என்று தெரிந்தவர், டிக்கெட் எடுக்காமல் இருப்பாரா?

ஆகவே முதலில் ஒரு நாளை உறுதி செய்யுங்கள். எல்லோருக்கும் எது வசதி என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஆண்டு ஓடிவிடும். பொங்கலோ, ஊர்த் திருவிழாவோ, ஏதோ ஒன்றை ஒட்டி ஒரு நாளைக் குறித்துவிட்டு, பத்துப் பேர் வந்தாலும் அன்றைக்கே நடத்துங்கள்.

அடுத்தது, போகிறவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். நன்கொடை மட்டும் கேட்டால் அவர் பணத்தை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார். ஒரு வேடம், ஒரு பாட்டு, வசனத்தைத் திருத்தும் பொறுப்பு என்று ஏதாவது அவர் பெயரில் இருக்கட்டும். திரும்பி வருகிறவர் விருந்தாளி அல்ல, முதலாளியும் அல்ல. இங்கேயே இருந்து ஆண்டு முழுக்க ஒத்திகை பார்த்த பிள்ளைகளின் வேடத்தை அவருக்காகப் பறிக்காதீர்கள்.

மூன்றாவது, எந்த வித்தையும் ஒரே ஆளிடம் தங்கக்கூடாது. எங்கள் ஆர்மோனியக்காரர் திருப்பூருக்குக் குடிபோகும் முன், ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லா மெட்டுகளையும் சொல்லிக் கொடுத்தார். அதன் பிறகே வண்டி ஏறினார். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டுக்கு என்ன தாளம், உடைகளை யார் தைப்பார், மைக் செட்டுக்கு யாரைப் பிடிப்பது, திரை எந்த வீட்டுப் பரணில் இருக்கிறது என்பதுவரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, வாசலைத் திறந்து வையுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் தெருக்கூத்து தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தின் சொத்தாக வந்தது. அந்தக் குடும்பத்தின் பெரிய வாத்தியாரான கண்ணப்பத் தம்பிரான், சென்னையில் ந. முத்துசாமி நடத்திய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவின் நடிகர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார். சென்னை நாடக மேடைக்கு அதனால் வலு வந்தது. புரிசையின் பேரும் பெருகியது. நாமும் அப்படி வெளியாட்களைச் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஊரை விட்டுப் போகிறவர்களை எண்ணுகிற நாம், நம் ஊருக்கு வருகிறவர்களை எண்ணுவதில்லை. புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியை, மருமகளாக வந்த பெண், கடை வைக்க வந்த இளைஞர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்குப் பாட வரும், யாருக்கு வரைய வரும் என்று நாம் கேட்டதுண்டா? இந்த வாரமே போய்க் கேளுங்கள். ஒத்திகைக்குக் கூப்பிட்டு, வந்த அன்றே ஒரு வேலையையும் கொடுங்கள். அவர்களும் ஒருநாள் மாற்றலாகிப் போவார்கள். அதற்குள் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் மன்றம் நிற்கும்.